ஊர் தள்ளிவைத்த நீதிபதி

நீதிபதி ஒருவரும் அவர் மனைவியும் மாநிலத்தை விட்டே போய்விட வேண்டும். அதற்கான டிக்கெட் செலவை அரசே ஏற்கும். திரும்பி வர டிக்கெட் கிடையாது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலச் சட்டமன்றத்தில் வந்த தீர்மானம் இது. கேலிக்காகக் கொண்டுவந்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கவும் அதே மன்றத்தில் குரல் எழுந்தது. அவர் வீட்டுச் சன்னலைக் கல் உடைத்தது. வாசலருகே சிலுவை எரிந்தது.

இத்தனைக்கும் அவர் வெளியூர்க்காரர் அல்ல. ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங் சார்ல்ஸ்டன் நகரில் எட்டாவது தலைமுறை. 1880-ல் பிறந்தவர். அப்பா உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம், அதாவது அடிமை முறையைக் காக்கத் துப்பாக்கி எடுத்த பக்கம், நின்று போரிட்டவர். அந்தப் போரின் முதல் குண்டு 1861-ல் வெடித்ததும் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில்தான். ஊரின் மிகப் பழைய வெள்ளைக் குடும்பங்கள் வசிக்கும் மீட்டிங் தெருவில் வீடு, பெரிய மனிதர்களின் கிளப்புகளில் உறுப்பினர், தேவாலயத்தில் குடும்பத்துக்கென்று இடம் என்று வாழ்ந்தவர். அறுபது வயது வரை அந்த ஊரின் ஒழுங்கை எதிர்த்து அவர் வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசியதாகச் சொல்ல எதுவும் இல்லை.

அதனால்தான் இவருடைய கதையை எழுதத் தோன்றுகிறது. இளமையிலிருந்தே கொடி பிடித்த போராளியின் வரலாறு அல்ல இது. ஆசனத்தில் உட்கார்ந்த பிறகு, வழக்கு வழக்காகக் கண் திறந்த ஒரு மனிதரின் வரலாறு.

சிபாரிசில் வந்த பதவி

வேரிங் சட்டக் கல்லூரியில் படித்தவர் அல்ல. சார்ல்ஸ்டன் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டு, அந்தக் கால வழக்கப்படி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்தபடியே சட்டம் கற்றார். 1914 முதல் சில ஆண்டுகள் உதவி அரசு வழக்கறிஞர். பிறகு சொந்தத் தொழில். 1933 முதல் நகராட்சியின் சட்ட ஆலோசகர். உள்ளூர் அரசியலில் நல்ல பிடி.

அமெரிக்காவில் இரண்டு வகை நீதிமன்றங்கள் உண்டு. மாநில நீதிமன்றம் ஒன்று. மத்திய அரசின் ஃபெடரல் நீதிமன்றம் இன்னொன்று. ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். ஆனால் மாவட்ட அளவிலான நியமனங்களில் அந்தந்த மாநில செனட்டர் கைகாட்டும் ஆள்தான் பெரும்பாலும் நீதிபதி. தென் கரோலினா செனட்டர்களில் ஒருவர் எல்லிசன் ஸ்மித். 'காட்டன் எட்' என்று அழைக்கப்பட்டவர். 1936-ல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் கறுப்பினப் போதகர் ஒருவர் பிரார்த்தனை செய்ய எழுந்ததும், கோபத்தோடு வெளியேறியவர். 1938-ல் அவருக்குச் சார்ல்ஸ்டனில் தேர்தல் வேலை பார்த்தவர் வேரிங்! அந்தச் செல்வாக்கும் ஊர்த் தொடர்புகளும் சேர்ந்துதான் 1942 ஜனவரியில் அவரை நீதிபதி ஆக்கின. நியமித்தவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். வேரிங்குக்கு அப்போது 61 வயது. நம்ம ஆள், நம்ம சொல்படி இருப்பார் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

ஆனால் ஃபெடரல் நீதிபதி பதவிக்கு ஒரு விசேஷம் உண்டு. நம் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 62 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். அங்கே ஓய்வு வயதே கிடையாது. நன்னடத்தை இருக்கும்வரை, அதாவது சாகும்வரை, பதவி. சம்பளத்தைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. நீக்க வேண்டுமானால் கீழவை குற்றம்சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றம் எவ்வளவு குதித்தாலும் அவரை அசைக்க முடியாது. சிபாரிசு செய்தவர்களுக்கு நன்றிக்கடன் தீர்க்க வேண்டிய கட்டாயமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நொடியோடு முடிந்துபோகிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. வேரிங் அதை முழுதாகப் பயன்படுத்தினார்.

முதலில் வந்தது சம்பள வழக்கு. ஒரே வேலை பார்க்கும் கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் என்று 1944-ல் சார்ல்ஸ்டன் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்குப் போட்டார். வாதாட வந்தவர் தர்குட் மார்ஷல், என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். தென்மாநில நீதிமன்றங்களில் அவமானப்பட்டே பழகியிருந்த மார்ஷலுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருந்தது. நீதிபதி மரியாதையாகப் பேசினார், சட்டம் தெளிவாக இருக்கிறது என்றார், சம்பளம் சமமாக வேண்டும் என்று உத்தரவிட்டார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

மெல்ல மெல்ல நீதிமன்றமும் மாறியது. கறுப்பர், வெள்ளையர் என்று தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை நிறுத்தினார். ஜூரிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இனத்தைக் குறிக்கும் அடையாளத்தை எடுக்கச் சொன்னார். நீதிமன்ற ஒழுங்கைப் பார்க்கும் பெய்லிஃப் வேலைக்கு ஒரு கறுப்பினத்தவரை நியமித்தார்.

இதற்கிடையே ஊருக்கு வாயில் போட்டு மெல்ல வேறொரு அவல் கிடைத்தது. 1945-ல், முப்பது ஆண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியிடம் விவாகரத்து கேட்டார் வேரிங். தென் கரோலினாவில் அப்போது விவாகரத்துக்குச் சட்டத்திலேயே இடமில்லை; மனைவி ஃபுளோரிடா போய் விவாகரத்து பெற வேண்டியிருந்தது. உடனே வேரிங் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தார். வடமாநிலத்துக்காரர், ஏற்கெனவே இரண்டு முறை விவாகரத்தானவர். பழைய குடும்பங்கள் கதவைச் சாத்தின. அவர் தீர்ப்புகளுக்கெல்லாம் காரணம் இந்தப் புறக்கணிப்புக்குப் பழிவாங்கும் எண்ணம்தான் என்று சார்ல்ஸ்டன் வெள்ளையர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் சம்பளத் தீர்ப்பு 1944, திருமணம் 1945. காலண்டரைப் பார்த்தாலே அந்தக் கதை பொய் என்று தெரிந்துவிடும்.

28 நிமிடம்

வேரிங்கை அடியோடு புரட்டிப்போட்டது ஐசக் வுட்டர்டின் வழக்கு.

வுட்டர்ட் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றிய கறுப்பின ராணுவ வீரர். 1946 பிப்ரவரி 12 அன்று ஜார்ஜியாவில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு பஸ் ஏறினார். மனைவியைப் பார்க்க ஊருக்குப் போகிற பயணம். வழியில் கழிப்பறைக்குப் போக பஸ்ஸை நிறுத்தச் சொன்னதில் டிரைவரோடு வாய்த்தகராறு. தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் டிரைவர் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் தடியால் அடித்த அடியில் வுட்டர்டின் இரண்டு கண்களும் பறிபோயின. மறுநாள் காலை பார்வையற்ற அந்த மனிதரை உள்ளூர் நீதிமன்றத்தில் நிறுத்தி 50 டாலர் அபராதம் விதித்தார்கள்.

செய்தி வெளியே வர மாதங்கள் ஆயின. நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் வானொலியில் வாரா வாரம் இதைப் பற்றிப் பேசினார். செப்டம்பரில் என்.ஏ.ஏ.சி.பி. தலைவர்கள் ஜனாதிபதி ட்ரூமனிடம் நேரில் சொன்னபோது அவர் அதிர்ந்துபோனார். சில நாட்களிலேயே ஷல் மீது ஃபெடரல் வழக்கு பதிவானது. நவம்பரில் கொலம்பியா நகரில் விசாரணை. நீதிபதி வேரிங். ஜூரி முழுக்க வெள்ளையர்.

அரசுத் தரப்பு கடமைக்கு வழக்கை நடத்தியது. கூப்பிட வேண்டிய சாட்சிகளைக் கூப்பிடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோ, ஷலைத் தண்டிக்க மறுப்பது பிரிந்துபோவதாகும் என்றால் தென் கரோலினா மறுபடி பிரிந்தே போகட்டும் என்று ஜூரியிடம் முழங்கினார். வழக்கு ஜூரியிடம் போனதும் வேரிங் எழுந்து நடக்கப் போய்விட்டார். நீதிபதி இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு இருபது நிமிடமாவது அவர்கள் யோசித்ததாக இருக்கட்டும் என்பதற்காக. 28 நிமிடத்தில் முடிவு வந்தது: ஷல் குற்றவாளி அல்ல. நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எலிசபெத் அழுதபடி வெளியே போனார்.

அதன் பிறகு கணவனும் மனைவியும் படிக்க ஆரம்பித்தார்கள். குன்னர் மிர்டால் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் அமெரிக்க இனப்பிரச்சினை பற்றி எழுதிய பெரும் ஆய்வு, தென்பகுதி வெள்ளையரின் மனதை அலசிய டபிள்யூ.ஜே. கேஷின் புத்தகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக. தன் ஊரைப் பற்றித் தனக்கு எதுவுமே தெரியாது என்பதை அறுபத்தாறு வயதில் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் வேரிங். வாஷிங்டனிலும் இதே வழக்கு வேலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் ட்ரூமன் குடிமை உரிமைகள் குறித்த குழுவை அமைத்தார்; 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பாகுபாட்டுக்கு முடிவு கட்டும் ஆணையில் கையெழுத்திட்டார்.

ஓட்டு யாருக்கு?

தென் கரோலினாவில் அன்று ஜனநாயகக் கட்சி மட்டும்தான் கட்சி. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி'யில் ஜெயித்தவர் பொதுத்தேர்தலில் ஜெயித்த மாதிரிதான். அந்தப் பிரைமரியில் கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லை. இப்படி விலக்குவது செல்லாது என்று டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1944-ல் தீர்ப்பளித்ததும், தென் கரோலினா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. பிரைமரி பற்றிய சுமார் 150 மாநிலச் சட்டங்களை ஒரே மூச்சில் ரத்து செய்தது. இனி இதில் அரசுக்குச் சம்பந்தமில்லை, கட்சி ஒரு தனியார் கிளப், யாரைச் சேர்ப்பது என்பது கிளப்பின் இஷ்டம் என்றது.

கொலம்பியாவைச் சேர்ந்த ஜார்ஜ் எல்மோர் வழக்குப் போட்டார். சிறு கடை வைத்திருந்தவர். டாக்சி ஓட்டுவார், புகைப்படமும் எடுப்பார். 1947 ஜூலை 12 அன்று வேரிங் தீர்ப்பளித்தார். தனியார் கிளப்புகள் ஓட்டுப் போட்டு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை என்றார். தென் கரோலினா மறுபடியும் இந்த நாட்டோடு சேர வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவர் எழுதிய வாக்கியம் மாநிலம் முழுக்க எரிந்தது. 1860-ல் நாட்டைவிட்டு முதலில் பிரிந்த மாநிலம் ஆயிற்றே!

மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. கட்சி அடங்கவில்லை. ஓட்டுப் போட வேண்டுமானால் இனப்பிரிவினையை ஆதரிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று புது விதி போட்டது. தன்னைத் தாழ்த்துகிற ஏற்பாட்டைத் தானே வாழ்த்தினால்தான் ஓட்டு! 1948 ஜூலையில் அந்த விதியை எதிர்த்த வழக்கும் வேரிங்கிடம் வந்தது. கட்சி நிர்வாகிகளை நேரில் வரவழைத்து, இந்த முறை உத்தரவை மீறினால் அபராதத்தோடு விடமாட்டேன், சிறைதான் என்றார். ஆகஸ்ட் பிரைமரியில் 30,000-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டார்கள்.

ஊர்விலக்கு முழுமையானது இதன் பிறகுதான். விருந்துகள் நின்றன. தெரிந்தவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் முகம் திருப்பிக்கொண்டார்கள். தொலைபேசியில் நள்ளிரவு வசை. உள்ளூர் நாளிதழ் 'நியூஸ் அண்ட் கூரியர்' தொடர்ந்து தாக்கியது. அப்போது அதன் நிர்வாக ஆசிரியர் அவருடைய அண்ணன் மகன், தாமஸ் வேரிங். எலிசபெத்தும் சும்மா இருக்கவில்லை. 1950 ஜனவரியில் கறுப்பினப் பெண்கள் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசும்போது தென்பகுதி வெள்ளையர்கள் நோயாளிகள், குழம்பியவர்கள், சீரழிந்தவர்கள் என்று போட்டு உடைத்தார். நீதிபதியின் மனைவி மேடையில் இப்படிப் பேசலாமா என்றால், பேசாமல் இருந்திருக்கலாம் என்றுதான் நான் சொல்வேன்; நடுநிலையாளர் என்று மிஞ்சியிருந்த ஒருசில வெள்ளையர்களும் அந்தப் பேச்சோடு விலகிப்போனார்கள். வெள்ளை வீடுகளில் அழைப்பு நின்றபின் வேரிங் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர்கள் கறுப்பின ஆசிரியர்களும் சமூக சேவகர்களும். ஆசிரியை செப்டிமா கிளார்க் அவர்களில் ஒருவர். அந்த ஊரில் அது பெரிய பாவம். அந்த அக்டோபரில்தான் கல் விழுந்தது. அதன் பிறகு நீதிபதி வெளியே போகும்போது பாதுகாப்புக்கு ஃபெடரல் மார்ஷல்கள்.

தோற்பதற்காகப் போட்ட வழக்கு

கிளாரண்டன், சார்ல்ஸ்டனுக்கு வடக்கே பருத்தி விளையும் மாவட்டம். வெள்ளைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக 30 பஸ்கள் இருந்தன. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. சில பிள்ளைகள் போகவர மைல் கணக்கில் நடந்தார்கள். 1949-50 கல்வியாண்டில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு மாவட்டம் செலவிட்டது 179 டாலர். கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். ஒரு பஸ் கொடுங்கள் என்றுதான் அந்தப் பெற்றோர்கள் முதலில் கேட்டார்கள். லீவை பியர்சன் என்ற விவசாயி போட்ட அந்த வழக்கு, அவர் நிலம் எந்தப் பள்ளி வட்டத்தில் இருக்கிறது என்ற தொழில்நுட்பக் காரணத்தால் தள்ளுபடியானது. அடுத்து, ஜோசப் டிலேன் என்ற போதகரும் பள்ளி ஆசிரியருமானவர் ஊர் ஊராகப் போய்ப் பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினார். மனுவில் முதலில் நின்றது ஹாரி பிரிக்ஸின் பெயர். கடற்படையிலிருந்து திரும்பி வந்து பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர்.

1950 நவம்பரில் வழக்கு வேரிங் முன் வந்தது. தர்குட் மார்ஷலின் மனு, கறுப்பினப் பள்ளிகளுக்கும் சமமான வசதி வேண்டும் என்று கேட்டது. 'பிரிந்திருந்தாலும் சமம்' என்ற 1896-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வேலிக்குள் நின்று கேட்கும் மனு. வேரிங் அதை ஏற்கவில்லை. பிரிவினையே சட்டவிரோதம் என்று நேரடியாக வழக்குப் போடுங்கள் என்று மார்ஷலிடம் சொன்னார். மார்ஷல் தயங்கினார். மாநிலச் சட்டத்தையே அரசியல் சட்டத்தின்கீழ் எதிர்த்தால் விதிப்படி மூன்று நீதிபதிகள் அமர வேண்டும். மற்ற இருவரும் தென்பகுதி வெள்ளையர். இரண்டுக்கு ஒன்று என்று தோற்பது நிச்சயம். வேரிங்கின் கணக்கு வேறு. மூன்று நீதிபதி அமர்வின் தீர்ப்பை எதிர்த்து நேராக உச்ச நீதிமன்றம் போகலாம், அவர்கள் கேட்டே ஆக வேண்டும். தோற்றால்தான் வாசல் திறக்கும். கூடவே தன்னுடைய மாறுபட்ட தீர்ப்பும் போகும்.

ஒரு நீதிபதி வழக்கறிஞரிடம் வழக்கை இப்படிப் போடு என்று சொல்லலாமா? தட்டிக்கழிக்கக்கூடாத கேள்வி. எதிர்த்தரப்புக்காக ஒரு நீதிபதி இதையே செய்திருந்தால் நாம் கொதித்துப்போயிருப்போம். முடிவு நல்லதாக அமைந்ததால் முறையும் சரியாகிவிடாது. வேரிங் அந்த நேரத்தில் நடுவர் என்ற கோட்டைத் தாண்டினார் என்றே நினைக்கிறேன். அவர் தாண்டாமல் இருந்திருந்தால் கிளாரண்டன் பிள்ளைகளுக்கு நல்ல கட்டடமும் நாலு பஸ்ஸும் கிடைத்திருக்கும். பிரிவினைக்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கூடியிருக்கும்.

1951 மே 28. விடியும் முன்பே கிளாரண்டனிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் வந்து சார்ல்ஸ்டன் நீதிமன்றப் படிகளில் வரிசை கட்டினார்கள். மாநில வக்கீல் எழுந்தவுடனே, ஆமாம், பள்ளிகள் சமமாக இல்லை, சரிசெய்ய அவகாசம் கொடுங்கள் என்று ஒப்புக்கொண்டு வழக்கின் காற்றைப் பிடுங்கப் பார்த்தார். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஆளுநர் ஜேம்ஸ் பர்ன்ஸ் ஏற்கெனவே புது விற்பனை வரி போட்டுக் கறுப்பினப் பள்ளிகளைக் கட்டும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பிரிவினையைக் காப்பாற்றத்தான் அந்தத் தாராளம். மார்ஷல் தரப்பு உளவியல் அறிஞர் கென்னத் கிளார்க்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. கிளாரண்டன் பிள்ளைகள் 16 பேரிடம் அவர் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் காட்டியிருந்தார். கறுப்பினப் பிள்ளைகள். அவர்களில் 10 பேர் நல்ல பொம்மை என்று வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பார்க்க மோசமானது எது என்று கேட்டபோது 11 பேர் காட்டியது கறுப்புப் பொம்மையை.

ஜூனில் தீர்ப்பு வந்தது. எதிர்பார்த்தபடியே இரண்டுக்கு ஒன்று. ஜான் பார்க்கரும் ஜார்ஜ் பெல் டிம்மர்மனும் பிரிவினை செல்லும் என்றார்கள். வேரிங் தனியே சுமார் இருபது பக்கம் எழுதினார். மனுதாரர்களின் துணிச்சலுக்கு முன்மாதிரி இல்லை என்றார். பிரிவினை தவறென்றால் அதை நிறுத்த வேண்டிய இடம் பட்ட மேற்படிப்பு அல்ல, முதல் வகுப்பு என்றார். இனப்பிரிவினை என்பதே சமத்துவமின்மைதான் என்று முடித்தார். இருபதாம் நூற்றாண்டில் 'பிரிந்திருந்தாலும் சமம்' என்ற கோட்பாட்டைப் பள்ளி வழக்கில் இவ்வளவு நேரடியாக நிராகரித்த முதல் ஃபெடரல் நீதிபதி அவர்.

உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்ததும் இந்த வழக்குதான். 1952 ஜனவரியில் அதை ஒருமுறை கீழே திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் கன்சாஸ் மாநிலத்தின் பிரவுன் வழக்கு முந்திக்கொண்டது. பல மாநில வழக்குகளைச் சேர்த்து, 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்றபோது, வரலாற்றில் பதிந்த பெயர் பிரவுன். பிரித்து வைத்த கல்வி இயல்பிலேயே சமமற்றது என்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதியதையும் வேரிங் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது எங்கிருந்து நடந்து வந்தது என்று புரியும்.

வேரிங் அப்போது சார்ல்ஸ்டனில் இல்லை. எழுபது வயதும் பத்தாண்டுப் பணியும் முடிந்தால் முழுச் சம்பளத்தோடு ஓய்வு பெறலாம் என்ற விதிப்படி 1952 பிப்ரவரியில் விலகி, எலிசபெத்தோடு நியூயார்க் போய்விட்டார். திரும்பி வாழ வரவே இல்லை. 1968 ஜனவரியில் இறந்தபோது உடலை மட்டும் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்குச் சுமார் 200 கறுப்பினத்தவர் வந்தார்கள். வெள்ளையர் ஒரு டஜன் பேர் இருந்திருப்பார்கள்.

ஊர் அவரை ஏற்றுக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 2014-ல் நீதிமன்றத் தோட்டத்தில் சிலை. 2015-ல் சார்ல்ஸ்டன் ஃபெடரல் நீதிமன்றக் கட்டடத்துக்கே வேரிங்கின் பெயர். அதுவரை அங்கே இருந்தது முன்னாள் செனட்டர் எர்னஸ்ட் ஹாலிங்ஸின் பெயர். அதை எடுத்துவிட்டு வேரிங் பெயரை வைக்கச் சொன்னவரும் ஹாலிங்ஸ்தான். பர்ன்ஸின் விற்பனை வரிச் சட்டத்துக்காக இளம் சட்டமன்ற உறுப்பினராக உழைத்தவர் அவர்.

வேரிங் நண்பர்களை இழந்தார், ஊரை இழந்தார். சம்பளம் மட்டும் கடைசி நாள்வரை வந்தது. அரசியல் சட்டம் அதற்கு உத்தரவாதம். அவர் முன் வந்து நின்றவர்களுக்கு அந்தக் கவசம் கிடையாது. ஜார்ஜ் எல்மோரின் கடைக்குச் சரக்கு தர மறுத்தார்கள், கடன் நெருக்கினார்கள். எல்லாவற்றையும் இழந்து 1959-ல் வறுமையில் இறந்தார். ஹாரி பிரிக்ஸை ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் பெட்ரோல் பங்க் வேலையிலிருந்து நீக்கினார்கள். மனைவி எலைசாவின் மோட்டல் வேலையும் போனது. பிழைப்புக்காக பிரிக்ஸ் மாநிலத்தைவிட்டே போக நேர்ந்தது. டிலேனின் வீடு எரிந்தபோது, எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று தீயணைப்புப் படை பார்த்துக்கொண்டு நின்றது. 1955-ல் அவர் தேவாலயமும் எரிந்தது. வீட்டை நோக்கிச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்டுவிட்டு அவர் இரவோடிரவாக மாநிலத்தை விட்டு ஓட வேண்டியிருந்தது. அதற்காக அவர்மீது போட்ட வழக்கைத் தென் கரோலினா ரத்து செய்தது 2000-ஆம் ஆண்டில். டிலேன் இறந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.